நாலாவது வரிசையில் ஈரம்

அத்தியாயம் 11

கணினிக் கூடத்தின் மேலாளர் குபாத் பைகே, காவல் அறையில் அதுவரை தேநீரைக் கால் கிண்ணம் கால் கிண்ணமாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். மதிப்பான விருந்தாளிக்கு அப்படித்தான் ஊற்றுவது. கிண்ணம் சீக்கிரம் காலியாகும், மறுபடி ஊற்றலாம், பேச்சும் நீளும்.

"அப்ப உள்ளே போய் எல்லா வரிசையையும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறோம்," என்றாள் புருல். "காலியா கிடக்கிற வரிசைகளையும் சேர்த்துதான்."

குபாத்தின் கை நிற்கவில்லை. தேநீர் விளிம்பு வரை ஏறி நின்றது.

மேதெர் குனிந்து புருலின் காதோரம் வந்தான். "எஜே, முழுக் கிண்ணம். குடிச்சிட்டுக் கிளம்புங்கறார்."

"எனக்கும் கண்ணு இருக்குடா."

"எத்தனையோ வீட்டுல நம்மளைத் துரத்தியிருக்காங்க. இவ்வளவு நல்ல டீயோட துரத்தறது இதுதான் முதல் தடவை."

புருல் போலீஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவளை விட மூத்தவர்கள்கூட அவளை எஜே, அதாவது அக்கா, என்றுதான் அழைப்பார்கள்; ஆண்களைப் பைகே, அண்ணன், என்பதுபோல. உதவியாள் மேதெரை அழைக்க யாருக்கும் அவசியம் வருவதில்லை. அவனே வந்து பேசிவிடுவான்.

"குருத் எடுத்துக்குங்க தம்பி," என்று குபாத் தட்டை நகர்த்தினார். உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்த வெள்ளை உருண்டைகள். மேதெர் ஒன்றைக் கடித்தான். கடித்த சத்தம் அறை முழுதும் கேட்டது.

"பைகே, இது குருத்தா, கூழாங்கல்லா?"

குபாத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கம்மா உருட்டறது. நான் காயவைக்கிறது. மில்லுக்குள்ள சர்வர் பின்னால அடிக்கிற சூடு இருக்கே, ஒரே வாரத்துல இப்படி ஆயிடும். வெயிலுக்குக்கூட இவ்வளவு வராது. ஈயும் கிடையாது. போன ஈடு மட்டும்தான் பாழ். தட்டு வெச்சு ஒரு வாரம் ஆகியிருந்தது, எடுக்கறதுக்குள்ள போலீஸ் சீல் வெச்சுட்டான். இன்னும் உள்ளேயே கிடக்கு."

மூலையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் எசென் தொண்டையைச் செருமினார். "சாட்சியம் உள்ள இடம் பைகே. குருத்துன்னு பார்த்து விட முடியாது." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "எஜே, உங்களுக்காகத்தான் இன்னிக்கு சீலை உடைச்சேன். பெகிமாயைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. ஆனா சாயங்காலம் அவளோட நான் பிஷ்கெக் கிளம்பியாகணும். நாளைக்குக் காலைல விசாரணை."

எசெனின் அருகே நின்ற பெண் நிமிரவில்லை. பெகிமாய்க்கு முப்பதுகூட ஆகியிருக்காது. கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்திருந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வசந்த காலத்தில் எரிவாயு வெடித்துப் பலர் செத்துப்போனார்கள். வாயு ஏறியது முதலாளிகளுக்கு முன்பே தெரியுமா, தெரிந்தும் ஆட்களைக் கீழே இறக்கினார்களா என்பதுதான் வழக்கு. சுரங்கத்தின் வாயு அளவுகளெல்லாம் ஒவ்வொரு நொடியும் இங்கேதான், இந்த தாஷ்-கெச்சூ ஆற்றங்கரைக்குத்தான் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. விசாரணை நெருங்கும்போது அத்தனையும் அழிந்துபோயின. மனிதக் கை எதுவும் அழிக்கவில்லை. ஓர் அலாரம் அடித்தது, அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதைக் கணினியே செய்துவிட்டது. அந்த விதியை எழுதியவள் பெகிமாய்.

செத்தவர்களில் ஒருவனின் மனைவி, நேற்று பெகிமாயின் வீட்டு வாசலில் அவனுடைய சுரங்கக் காலணியை வைத்துவிட்டுப் போயிருந்தாள். பேச்சில்லை, திட்டில்லை. காலணி மட்டும்.

புருல் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தாள்.

*

"எங்க தகவலெல்லாம் மேகத்துல இருக்குன்னு பாங்க்காரன்கூட சொல்றான்," என்றான் மேதெர், கூடத்துக்குள் நுழைந்தபடி. "அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம். கடைசில பார்த்தா பழைய கம்பளி மில்லுல இருக்கு."

ஜன்னலே இல்லாத நீண்ட கூடம். ஆள் உயரத்துக்கு மேல் கறுப்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நின்றன. முன்பக்கம் நின்றால் எலும்பு வரை குளிர், பின்பக்கம் போனால் ரொட்டி அடுப்பின் வாய். கைபேசிகளைக் காவல் அறையில் வாங்கி வைத்துவிட்டார்கள். விசிறிகளின் இரைச்சலில் சற்று உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"இப்ப சொல்லு கண்ணு," என்றாள் புருல். "கோர்ட்டுக்குச் சொல்ற மாதிரி வேண்டாம். எனக்குச் சொல்ற மாதிரி."

"வாடகைக்கு எடுக்கறவங்க மறந்துடுவாங்க எஜே. மெஷினை ஓட விட்டுட்டுப் போயிடுவாங்க. அது சும்மா கிடந்து கரண்ட்டைத் தின்னும். அதுக்குத்தான் அந்த விதி. ஒரு மெஷின் அரை மணி நேரம் வேலையே செய்யாம கிடந்தா அலாரம் அடிக்கும். அடிச்சா மனுஷன் வரக் காத்திருக்காது. அதுவே மெஷினைத் துடைச்சுக் காலி பண்ணிடும்."

"எங்க மாமனார் வீட்டுலயும் இதே விதிதான்," என்றான் மேதெர்.

"நாலாவது வரிசையில இருந்த சுரங்கத்தோட மெஷின் சும்மாவே இருக்காது எஜே. ராப்பகலா அளவு வந்துட்டே இருக்கும். அதனால அதுக்குன்னு விலக்கு எதுவும் நான் போடலை. அதுதான் என் மேல குத்தம். அன்னிக்குக் காலை வரைக்கும் நாலாவது வரிசை நல்லா ஓடிட்டிருந்துச்சு, நான் வெச்ச அலாரம்தான் வேலை செய்யற மெஷினை சும்மா கிடக்குன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வெட்டிடுச்சுன்னு குபாத் பைகே எழுதிக் கொடுத்திருக்கார். அன்னிக்கு டூட்டில இருந்ததும் நான்தான்."

அவர்களுக்குப் பின்னால் இரும்புக் கதவு, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுபோல மெதுவாக மூடிக்கொண்டது. கடைசியில் மட்டும் 'டக்' என்றது.

மேதெர் போய்த் தள்ளினான். அசையவில்லை. "இது வழக்கமா?"

பெகிமாயின் முகம் வெளுத்தது. "சூடு அலாரம். கூடத்துல சூடு ஏறினா கதவு தானாப் பூட்டிக்கும். குளிர்ந்த காத்து வெளிய போகக் கூடாதுன்னு நான் எழுதின விதிதான்."

"உள்ளே ஆள் இருந்தா?"

"அதுக்கு சுவத்துல ஒரு பச்சை பட்டன் இருக்கு..."

சுவரில் ஓட்டை இருந்தது. ஓட்டையிலிருந்து இரண்டு கம்பிகள் எட்டிப் பார்த்தன.

"பட்டன் லீவுல போயிருக்கு," என்றான் மேதெர்.

கதவருகே இருந்த பேச்சுப்பெட்டி கரகரத்தது. குபாத்தின் குரல் தேன் தடவிக்கொண்டு வந்தது.

"எஜே, மன்னிக்கணும்! குளிரூட்டி ஒண்ணு நின்னு போச்சு. பதறாதீங்க. சூடு இறங்கினதும் கதவு தானாத் திறந்துக்கும். நம்ம பெகிமாய் எழுதினது, ரொம்ப உஷாரா எழுதியிருக்கா."

புருல் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். "வெளியில இருந்து திறங்களேன் பைகே."

"முடிஞ்சாத் திறக்க மாட்டேனா? சிஸ்டம் என் பேச்சைக் கேக்கணுமே! உங்க டீ ஆறிடும்னுதான் எனக்கு வருத்தம்."

"இன்ஸ்பெக்டர் பக்கத்துல இருக்காரா?"

"கார் வரைக்கும் போயிருக்கார். வந்ததும் சொல்றேன்."

பெட்டி அமைதியானது.

"எசென் பைகேக்கு இந்நேரம் இன்னொரு கிண்ணம் கிடைச்சிருக்கும்," என்றான் மேதெர். "கால் கிண்ணம். நீங்க இருங்க இருங்கன்னு."

"வாயை மூடிட்டு மூக்கைத் திற," என்றாள் புருல். "புளிச்ச வாடை வரலை?"

வந்தது. மூவரும் நாலாவது வரிசையின் பின்பக்கம் போனார்கள். தரையில் அகலமான ஒரு தட்டு, மேலே வெள்ளைத் துணி. மேதெர் துணியைத் தூக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். ஓர் உருண்டையை விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போனது.

"எஜே! இது கூழாங்கல் இல்ல, கொழகொழன்னு இருக்கு. பூஞ்சை வேற."

"மத்த வரிசையைப் பார்."

அவன் ஓடினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலிருந்தும் உருண்டையைத் தட்டில் போடும் சத்தம் கேட்டது. டங். டங். டங்.

"எல்லாம் கல்லு!"

புருல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலித்ததால் மட்டுமில்லை. "பெகிமாய், தட்டு வெச்சு ஒரு வாரம் கழிச்சுத்தானே மெஷின் அழிஞ்சது?"

"ஆமா."

"ஒரு வாரம் சூடு அடிச்சா கல்லாயிடும்னு அந்த ஆளே சொன்னார். அழியற நாள் காலை வரைக்கும் நாலாவது வரிசை ஓடிட்டிருந்ததுன்னும் அவரேதான் எழுதிக் கொடுத்திருக்கார். அப்ப இது ஏன் காயலை?"

பெகிமாய் தட்டின் பக்கம் குனிந்தாள். பிறகு மெல்ல, "ஏன்னா... ஓடவே இல்ல. ஒரு வாரமா அது சும்மாதான் கிடந்திருக்கு."

"சும்மா கிடந்தா அரை மணியில உன் அலாரம் வெட்டியிருக்கணுமே?"

"அலாரத்தைத் தூங்க வைக்கலாம் எஜே. அந்த அனுமதி அவருக்கு உண்டு. வேலையை முதல்லயே வேற எங்கயோ மாத்திட்டு, அலாரத்தைத் தூங்க வெச்சிருக்கார். என் டூட்டி அன்னிக்கு எழுப்பி விட்டிருக்கார்." அவள் குரல் உடைந்தது. "என் அலாரம் தப்பா அடிக்கலை. சரியாத்தான் அடிச்சிருக்கு."

"கையால அழிச்சா யார் கைன்னு பதிவாகும்," என்றாள் புருல். "விதி அழிச்சா, விதியை எழுதினவ பேர்தான் பதிவாகும். அந்த ஆள் மெஷினைக் கொல்லலை. பட்டினி போட்டார். மீதியை உன் விதி முடிச்சுது."

"நம்ம கேஸ் முடிஞ்சது எஜே," என்றான் மேதெர். "நீதிபதி முன்னால போய் இந்தத் தயிரைத் தொட்டுப் பாருங்கன்னு சொல்லிடலாம்."

"அதான் பிரச்சினை. தயிரைத் தொட்டுப் பார்க்கிற நீதிபதியை நான் இன்னும் பார்க்கலை." அவள் தரையைக் கையால் தடவினாள். தட்டுக்கு அருகில் இன்னொரு வட்டம், மோர் சிந்தி வெள்ளையாகக் காய்ந்த அடையாளம். "இங்க ரெண்டு தட்டு இருந்திருக்கு. ஒண்ணு எங்க?"

மேதெர் புருவத்தைத் தூக்கினான்.

"யோசிடா. காயலைன்னு பார்க்கறார். அம்மா உருட்டினது, பாழாயிடுமே! ஒரு தட்டைத் தூக்கி, சூடு இருக்கிற வேற இடத்துல வைக்கிறார். ரெண்டாவதைத் தூக்கறதுக்குள்ள போலீஸ் வந்தாச்சு. எந்த வரிசைக்குப் பின்னால ரெண்டு தட்டு இருக்கு?"

"எதுலயும் இல்ல. ஒவ்வொண்ணுதான். ஆறு வரைக்கும் பார்த்துட்டேன்."

"ஏழு?"

"ஏழு காலி எஜே," என்றாள் பெகிமாய். "யாரும் வாடகைக்கு எடுக்கலை. என் பட்டியல்லயே கிடையாது."

"போய்ப் பார்."

ஏழாவது வரிசையின் பின்னால் ஒரு தட்டு இருந்தது. மேதெர் ஓர் உருண்டையை எடுத்துச் சுவரில் அடித்தான். சுவரில் பள்ளம் விழுந்தது. உருண்டை அப்படியே இருந்தது.

"எரியாத அடுப்பு மேல யாராவது பாத்திரம் வைப்பாங்களா?" என்று கேட்டாள் புருல்.

பெகிமாய் அலமாரியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். சுட்டிருந்தது.

"எஜே..." அவள் கண் நிறைந்துவிட்டது. "அழியவே இல்ல. எல்லாம் இங்கதான் இருக்கு. வாயு அளவு எல்லாம் இங்கதான்..."

"ஏன் வெச்சிருக்கார்? அழிச்சுத் தொலைச்சிருக்கலாமே?" என்றான் மேதெர்.

"சுரங்கத்துக்காரன் ஒரு தடவை பணம் கொடுத்துட்டு மறந்துடுவான். இது கையில இருந்தா மாசா மாசம் கொடுப்பான். அம்மாவோட குருத்தையே வீணாக்க மனசு வராத ஆள், இதையா வீணாக்குவார்?"

பெகிமாய் சிரித்தாள். அழுதாள். கையை மறுபடி அலமாரியில் வைத்தாள்.

சிரிப்பு நின்றது.

"எஜே. சூடு குறையுது."

*

கேட்டுப் பார்த்தார்கள். ஏழாவது வரிசையின் விசிறிகள் சுருதி இறங்கிக்கொண்டிருந்தன, கொதித்த சமோவார்க் கெண்டியைத் தீயிலிருந்து நகர்த்தி வைத்தாற்போல.

"வேலையை உருவறார்," என்றாள் பெகிமாய். "வெளிய உட்கார்ந்துட்டு இதையும் சும்மா இருக்க வைக்கிறார். அரை மணி சும்மா இருந்தா என் விதி பட்டியலெல்லாம் பார்க்காது. சும்மா இருக்கிறதை வெட்டும்."

"வெட்டும்போது நீ எங்க இருப்ப?" என்றாள் புருல் அமைதியாக.

பெகிமாய்க்குப் புரிந்தது. பூட்டிய கூடத்துக்குள், மெஷினுக்குப் பக்கத்தில். கைதாகி நிற்கும் பெண் உள்ளே போனாள், இருந்த கடைசி நகலும் போயிற்று. நாளை கோர்ட்டில் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

"அப்ப கதவைப் பூட்டினது சூடு இல்ல," என்றான் மேதெர். "நீங்க காலி வரிசையையும் பார்க்கறேன்னதும் முழுக் கிண்ணம் ஊத்தினாரே, அதே கைதான். ஒயரைப் பிடுங்கு பெகிமாய்! ஆணை வந்தாத்தானே அழியும்? காதைப் பொத்திடுவோம்!"

"பிடுங்கினா மெஷினுக்கு உடம்பு சரியில்லைன்னு இன்னொரு அலாரம் அடிக்கும். வேற வரிசையில புதுசு ஒண்ணைப் பிறக்க வைக்கும். நம்மளை வெளிய விட்டதும் அவர் ஒயரைத் திரும்பச் சொருகுவார், அடுத்த நொடியே பழசைத் தேவையில்லைன்னு துடைச்சிடும்."

"அதையும்..."

"நான்தான் எழுதினேன்."

"கரண்ட்டை நிறுத்திட்டா?"

"அதுக்கும் அதேதான்."

"தாயே, நீ ஒரு ஓட்டையாவது விட்டிருக்கக் கூடாதா? சரி, என்கிட்ட தீப்பெட்டி இருக்கு. புகை கிளப்பினா?"

"தீ அலாரம் அடிச்சா தீயை அணைக்கிற வாயு வரும். கதவு அப்பவும் திறக்காது. அந்த வாயு, யாராவது மூச்சு விட்டுட்டிருக்காங்களான்னு கேக்காது."

மேதெர் தீப்பெட்டியை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

பேச்சுப்பெட்டி கரகரத்தது. "எஜே, நல்லா இருக்கீங்களா? இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"அவசரமே இல்ல பைகே," என்றாள் புருல் பொத்தானை அழுத்தி. "உங்க அம்மா கைப்பக்குவத்தைப் பார்த்துட்டிருக்கோம்."

பெட்டியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ஏன் எஜே சொன்னீங்க!" என்று பல்லைக் கடித்தான் மேதெர்.

"பயப்படட்டும். பயந்தா எசெனை விட்டு நகர மாட்டார். ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறதுதான் நமக்கு வேணும்." புருல் பெகிமாய் பக்கம் திரும்பினாள். "இந்தக் கூடத்துல அடிக்கிற அலாரம் எல்லாத்தையும் சொல்லு. சூடு, சும்மா இருக்கிறது, உடம்பு சரியில்லாதது, தீ. வேற?"

"ஈரம். ஆத்துல வெள்ளம் வந்தா, குழாய் உடைஞ்சா அடிக்கிறது. அது ஒண்ணுதான் நான் எழுதாதது. ஆத்தங்கரைல கரண்ட் இருந்தா இப்படித்தான் இருக்கணும்னு பேரிடர்க்காரங்க கட்டாயமா எழுத வெச்சாங்க. ஈரம் ஏறினா, ஷாக் அடிக்கும்னு கதவு திறந்துடும். தானா நடக்கிற ஆணை எல்லாம் அப்படியே நின்னுடும், மனுஷன் வந்து கையெழுத்துப் போடற வரைக்கும். ஊர்ல தீயணைப்பு நிலையத்துல மணி அடிக்கும். குபாத் பைகேயால அதை நிறுத்த முடியாது."

"அப்ப அதை அடிக்க வை!"

"அது செத்துப்போச்சு எஜே. அவர் முதல்ல குருத் கொண்டு வந்தப்ப, ஈரத் தட்டை வெச்ச ஒவ்வொரு தடவையும் அடிச்சுது. தீயணைப்பு வண்டி வந்து வந்து திட்டிட்டுப் போனாங்க. அப்புறம் அடிக்கிறதே இல்ல. வீட்டுலயே பாதி காயவெச்சுக் கொண்டு வர்றார்னு நினைச்சேன்."

புருல் நாலாவது வரிசைத் தட்டைப் பார்த்தாள். கொழகொழத்த உருண்டைகளைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்தாள்.

"பாதி காய்ஞ்சதா இது? அந்தப் பெட்டி எங்க இருக்கு?"

பெகிமாய் கை காட்டினாள். கூரையை ஒட்டி ஓடும் இரும்புத் தண்டில் உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்கியது. அதன்மேல் ரொட்டி வாங்கும் பிளாஸ்டிக் பை ஒன்று கவிழ்ந்து, கழுத்தில் சணல் கயிற்றால் நன்றாக இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"அது சாகலை," என்றான் மேதெர். "மழைக்கோட்டு போட்டிருக்கு."

"பையைக் கிழிச்சிடலாம்," என்று பெகிமாய் தாவினாள்.

"கிழிக்காதே. இந்தக் காய்ஞ்ச காத்துல பையைக் கழட்டினா ஈரம் எங்கிருந்து வரும்? மேதெர், கோட்டுக்குள்ள என்ன?"

"ஒண்ணும் இல்லையே."

"மேதெர்."

அவன் முனகிக்கொண்டே ஃபிளாஸ்க்கை எடுத்தான். "தண்ணி, பதார்த்தம் எதுவும் உள்ளே கொண்டு வரக் கூடாதுன்னு போர்டு இருந்துது. டீயைப் பத்தி எதுவும் போடலை."

புருல் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மேதெர் கொதிக்கும் தேநீரை அதன்மேல் ஊற்றினான். ஆவி எழுந்தது. பெகிமாய் அவன் தோளில் ஏறினாள்.

"வீட்டுல கஞ்சி மட்டும்தான் சாப்பிடறேன்னு சொல்லிடாதே, நம்ப மாட்டேன்," என்று திணறினான் மேதெர்.

"ஆடாதீங்க பைகே!"

அவள் கயிற்றை அவிழ்த்து, சுடும் துணியைப் பைக்குள் திணித்து, மறுபடி கட்டினாள். ஈரத்தை உள்ளே விடாமல் இருக்கக் கட்டிய பை, இப்போது அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது. உட்புறமெல்லாம் துளித்துளியாக வியர்த்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

ஏழாவது வரிசையின் விசிறிகள் இப்போது கேட்கவே இல்லை. பெகிமாய் ஓடிப்போய் அலமாரியில் கையை வைத்தாள். "வெதுவெதுப்புதான் இருக்கு... அதுவும் இல்ல. எஜே, போச்சு. அரை மணி முடியப் போகுது."

"காத்திரு."

"நானே கட்டின கூண்டு..."

"காத்திருன்னேன்ல."

மேதெர் பையைப் பார்த்து, "மூச்சு விடு ராசா, ஒரே ஒரு மூச்சு," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் குரலில் நையாண்டி இல்லை.

மணி அடித்தது.

கூடத்தின் நாலு மூலையிலும் ஒரே நேரத்தில், மண்டையைப் பிளக்கிற மணி. இரும்புக் கதவு, பூட்டிக்கொண்டபோது காட்டிய மரியாதையெல்லாம் இல்லாமல் படாரென்று திறந்து சுவரில் மோதியது. வெளிவெளிச்சம் தரையில் விழுந்தது. அதில் இரண்டு நிழல்கள் ஓடி வந்தன. முன்னால் குபாத், பின்னால் எசென்.

"வெள்ளமா?" என்று கத்தினார் எசென்.

"பொய் அலாரம்!" என்று கத்தினார் குபாத். "எங்கே அந்தப் பெட்டி, நான் கையெழுத்துப் போட்டு நிறுத்தறேன்..."

"யாரும் எதையும் தொட வேண்டாம்," என்றாள் புருல். "எசென், ஆணை எல்லாம் நின்னிருக்கு. நீங்க சொல்ற வரைக்கும் நின்னபடியே இருக்கட்டும். குபாத் பைகே, ஒரே ஒரு கேள்வி. ஏழாவது வரிசை காலிதானே?"

குபாத்தின் பார்வை தரையில் இருந்த தட்டுக்குப் போனது. திரும்பியது. "காலிதான். பட்டியலைப் பாருங்க."

"யாரோடதும் இல்லையே?"

"யாரோடதும் இல்ல."

"அப்ப இதுல இருக்கிற டிஸ்க்கையெல்லாம் இன்ஸ்பெக்டர் கழட்டி, சீல் வெச்சு பிஷ்கெக் எடுத்துட்டுப் போனா உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்ல."

குபாத் வாயைத் திறந்தார். இல்லை என்றால் கொண்டு போவார்கள். ஆமாம் என்றால் யாருடையது என்று கேட்பார்கள். மூன்றாவது பதிலுக்காக அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் அவர் கட்டிய பை தொங்கிக்கொண்டிருந்தது.

எசென் பொதுவாக மெதுவாகத்தான் புரிந்துகொள்வார். ஆனால் ஒருவன் முகத்தில் வியர்வை வருவதை மட்டும் உடனே பார்த்துவிடுவார். குபாத்துக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"தட்டை மாத்தி வெச்சதுதான் தப்பு பைகே," என்று மேதெர் தட்டைக் குனிந்து எடுத்தான். "கெட்டுப் போகட்டும்னு விட்டிருந்தா நாங்க இந்நேரம் இருட்டுலயே தடவிட்டிருந்திருப்போம்."

"எங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்," என்றார் குபாத். அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

வெளியே தூரத்தில் தீயணைப்பு வண்டியின் ஊளை கேட்டது. பெகிமாய் எதையும் பார்க்கவில்லை. ஏழாவது வரிசையின் பின்னால் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் அலமாரியில் வைத்திருந்தாள். வேலையை உருவச் சொன்ன ஆணையும் ஈர அலாரத்தில் நின்றுவிட்டதால், உருவிய வேலை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"சூடேறுது எஜே," என்றாள்.

*

காவல் அறையில் எசென் டிஸ்க்குகளை மூட்டை கட்டிச் சீல் வைத்து முடிக்கும்போது வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. வண்டியில் ஓர் ஆளுக்குத்தான் இடம் வைத்திருந்தார். அந்த இடத்தில் யார் உட்காருவது என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

பெகிமாய் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் முதல்ல ஒரு வீட்டுக்குப் போகணும் எஜே. ஒரு ஜோடி காலணியைத் திருப்பிக் கொடுக்கணும்."

"கொடுத்துட்டு?"

"அளவெல்லாம் இருக்குன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"நானும் வர்றேன்," என்றாள் புருல்.

குபாத் மேசைக்கு எதிரே, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மதியம் அவர் ஊற்றிய கிண்ணம் புருலின் இடத்தில் ஆறிப்போய், விளிம்பு தளும்ப அப்படியே இருந்தது. புருல் அதை ஜன்னல் வழியே கொட்டினாள். கெண்டியை எடுத்துப் புதிதாக ஊற்றத் தொடங்கினாள்.

கால் கிண்ணம் ஆனது. அரைக் கிண்ணம் ஆனது. அவள் கை நிற்கவில்லை. இன்னொரு துளி விழுந்தால் சிந்திவிடும் என்ற இடத்தில் நிறுத்தி, இரண்டு கைகளாலும் மரியாதையாக அவர் முன் நகர்த்தினாள்.

"குடிங்க பைகே."